கொல்லிவேடன் என்ற பெயரில் அவசரச் செய்தி வந்தால் பணம் அனுப்பாதீர்கள்

ஆன்லைனில் பாத்திரம் ஏற்று விளையாடுகிற சேலத்துக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கூட விளையாடுகிறவனின் பெயரில் வந்த ஒரு செய்தியை நம்பி 6,800 ரூபாயை இழந்திருக்கிறேன். டச், அதாவது தூய்மை, எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு கிராம் வெள்ளியைக்கூட உள்ளே விடாத செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் கணக்கெழுதுகிறவன் நான். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

விளையாட்டில் என் பெயர் அங்கம்மாள். கூன் விழுந்த, காயத்துக்குப் பச்சிலை கட்டுகிற கிழவி. நிஜத்தில் 42 வயது மீசைக்காரன். இதில் மோசடி ஒன்றும் இல்லை. சேர்ந்து விளையாடும் எங்கள் குழுவான கில்டில் பாதிப் பேர் வேறு ஆளாகத்தான் வருவார்கள், அதற்குத்தானே விளையாட்டு. இரண்டு வருடமாக என்னோடு சுற்றும் வில்லாளி கொல்லிவேடன். அம்மாப்பேட்டைப் பையன். எல்லோர் முன்னாலும் என்னைப் 'பாட்டி' என்பான், தனிச்செய்தியில் 'அண்ணா'. ஒரே ஒரு முறை ஐந்து ரோடு பக்கம் நேரில் பார்த்து டீ குடித்திருக்கிறோம்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை கோடை விழா பார்க்க ஏற்காடு போகப்போவதாக அவன் பொது அரட்டையில் சொல்லியிருந்தான். அன்று இரவு ஒன்பதரைக்குக் கொல்லிவேடனிடமிருந்து தனிச்செய்தி வந்தது. இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கிவிட்டதாம். காலில் அடி, போன் நொறுங்கிவிட்டது, உதவிக்கு வந்தவரின் போனில் நுழைந்து எழுதுகிறானாம். பணத்தை அவருடைய யுபிஐக்கே அனுப்பச் சொன்னான். அந்த மலைப்பாதையின் 20 வளைவுகளிலும் பைக் ஓட்டியவன் நான். படித்ததுமே சரளைக்கல் கண் முன்னால் வந்துவிட்டது.

செய்தி 'அக்கா' என்று தொடங்கியிருந்தது. இன்றும் என்னைத் தூங்கவிடாதது இந்த ஒரு சொல்தான். கிழவி வேடத்துக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பாள் என்று நம்புகிற அந்நியன்தான் அப்படி எழுதுவான். என் வேடமே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை. வலியில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பணம் அனுப்பும் திரையில் வேறு யார் பெயரோ வந்தது. அதுவும் அவன் சொன்ன கதைக்குப் பொருந்திப்போயிற்று. ரகசிய எண்ணைத் தட்டினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மாற்று போனாவது வாங்கியிருப்பான் என்று அவன் எண்ணை அழைத்துக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எந்தக் கால் அண்ணா?" என்றான். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவன் ஏற்காடே போகவில்லை.

தந்திரம் மிகச் சிறியது. அந்த விளையாட்டில் பெயரை ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும். 'கொல்லி'க்கு இரண்டு சிறிய 'எல்' வேண்டும். இவன் இரண்டாவது எல்லுக்குப் பதிலாகப் பெரிய 'ஐ' போட்டிருந்தான். திரையில் இரண்டுமே ஒரு செங்குத்துக் கோடுதான். மேலங்கிகூட அதே பச்சை. பெயரைத் தொட்டுப் பார்த்திருந்தால் அசல் 64ஆம் நிலையில் இருப்பதும் இவன் 3ஆம் நிலையில் நிற்பதும் தெரிந்திருக்கும். நண்பர் பட்டியல் வழியாகப் பழைய உரையாடலைத் திறந்திருந்தால் அங்கே இந்தச் செய்தியே இருந்திருக்காது. சந்தேகம் வந்தால் பெயரை நகலெடுத்து, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிப் பாருங்கள்; ஒளிந்திருக்கும் 'ஐ' தலையில் புள்ளியோடு எழுந்து நிற்கும்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்தபோது மதியம் பன்னிரண்டரை. வீட்டில் என்ன சொல்வது என்று இரண்டரை மணி நேரம் தயங்கியிருந்தேன். பணத்தை வெளியே எடுப்பதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. என் பணம் இரவே போய்விட்டது. காவல் நிலையத்தில் ஆளின் அடையாளம் கேட்டார்கள். "பச்சை மேலங்கி, முதுகில் வில்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டை நடத்துகிறவர்கள், கணக்குக்கு உரியவரின் விவரத்தை என்னிடம் தர இயலாது என்றார்கள். அது நியாயம், காவல்துறை கேட்டால் தரட்டும். ஆனால் புகார் கொடுத்து ஒன்பது நாள் அந்தப் போலிப் பாத்திரத்தை உலவ விட்டிருந்தார்கள். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கும் படிவம் மட்டும் அன்றே வந்துவிட்டது.

இதைக் கேட்டு, இனி எல்லோரும் சொந்தப் பெயரில்தான் விளையாட வேண்டும் என்று கில்டில் ஒருவர் கிளம்பினார். எனக்கு உடன்பாடில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை நடத்தும் பிளிசார்டு நிறுவனம், 2010 ஜூலையில் தன் விவாதக் களங்களில் உண்மைப் பெயரைக் காட்டப்போவதாக அறிவித்துவிட்டு, ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்ததும் சில நாளிலேயே பின்வாங்கியது. பெண்களுக்குப் புனைபெயர் என்ற திரை எவ்வளவு முக்கியம் என்பது, அங்கம்மாளாக இருக்கும்போது எனக்கு வருகிற தனிச்செய்திகளைப் பார்த்தால் தெரியும். கொல்லிவேடன் என் நண்பனின் வேடம்தான், ஆனால் இரண்டு வருடம் அவன் உழைத்துச் சம்பாதித்த முகம். அதைத்தான் திருடினார்கள்.

சென்ற வாரம் கில்டில் இன்னொருவருக்கு அங்கம்மாள் பெயரிலேயே செய்தி வந்திருக்கிறது: "தம்பி, ஆஸ்பத்திரி அவசரம்." என் பெயரிலும் ஒரு எல் இருக்கிறதே. அவர் பணம் அனுப்பவில்லை. அங்கம்மாள் யாரையும் தம்பி என்று கூப்பிட்டதில்லை, எல்லோரும் அவளுக்குப் பேராண்டிகள்தான்.