கே.கே. மாடா, பிராக்மாஸா? பெருநிலத்துக் கொட்டகைக்கு எது தோது?

பினாங்குப் பெருநிலத்தில், நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் இறைச்சி மாடு வளர்க்க இறங்குபவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். கே.கே. என்பது கெடா-கிளந்தான், இந்த மண்ணின் சிறுமாடு. அதோடு பிராமன் மாட்டினத்தைச் சேர்த்து, மார்டி என்னும் மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியது பிராக்மாஸ்.

பார்வைக்கு பிராக்மாஸ்தான் எடுப்பு. காது நீளம், அலைதாடி தொங்கும், பசுவே 300 கிலோவைத் தாண்டும். கே.கே. பசு 200 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் உடம்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், புல்லைப் பாருங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் தினமும் வேண்டும். கே.கே.வுக்கு 20 கிலோ நேப்பியர் புல் போதும். பிராக்மாஸுக்கு 30க்கு மேல். பத்துப் பசு என்றால் தினமும் 100 கிலோ கூடுதலாக அறுத்துச் சுமக்கவேண்டும். புல் குறைந்தால் பெரிய மாடுதான் முதலில் வாடும். கன்று ஈன்றபின் பருவத்துக்கு வராமல் மாதக்கணக்கில் இழுக்கும். கே.கே. செம்பனைக்கடியில் கிடைத்ததை மேய்ந்தே சினை பிடித்துவிடும். வெயிலும் உண்ணியும் அதை அவ்வளவாக அசைக்காது. சொந்தப் புல் நிலம் இல்லாதவர் பிராக்மாஸைத் தொடவே வேண்டாம்.

கொழுக்க வைக்க எல்லாரும் கை வைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில். 200 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 2 கிலோ. அரை கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கழிசல்தான். இதில் பாஸ்பரஸ் கூடுதல், சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் காளைக்குச் சிறுநீர்க் கல் கட்டும். ஒரு கிலோ புண்ணாக்குக்கு 10 முதல் 15 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் கலந்தால் சரியாகும். குடிதண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும்.

விற்பனையில்? வேகமாக எடை ஏறுவது பிராக்மாஸ், சந்தேகமில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மட்டும் கணக்கு மாறும். குர்பானியில் ஒரு மாட்டுக்கு ஏழு பேர் பங்கு. மாடு சிறிதானால் பங்குத் தொகையும் கைக்கு அடங்கும். இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும், அதனால் வாயைத் திறந்து இரண்டு நிலைப்பல் முளைத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். எடைமேடை இல்லையென்றால் நாடா போதும்: உதாரணத்துக்கு, முன்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்று 56 அங்குலம், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்புவரை 48 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 56-ஐ 56-ஆல் பெருக்கி, அதை 48-ஆல் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் 228 கிலோ. அதில் எலும்போடு இறைச்சி பாதி தேறும். பங்குக்கு 16 கிலோ.

கே.கே. மந்தை வைத்துக்கொண்டே கன்றைப் பெரிதாக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தலைச்சன் கிடேரிக்கு சாரொலே மாதிரி பெரிய இனத்தின் சினை ஊசி போட்டால் கன்று இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளும். தாயும் போகும், கன்றும் போகும். முதல் ஈற்றுக்குக் கே.கே. காளையே சேரட்டும். இரண்டு ஈற்று கண்ட பசுவுக்கு பிராக்மாஸ் காளையைச் சேர்க்கலாம். எந்தக் காளையானாலும் மூன்று வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது தன் மகள்களையே சினைப்படுத்தும்.