ரிச்சி தெருவில் வாங்கிய பழைய திங்க்பேட்: ஒரு டைப்ரைட்டிங் வாத்தியார் போட்ட மார்க்

முப்பத்தொரு வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவன் நான். ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ் என்று பதினான்கு மெஷின்கள் இருந்தன. கடைசி மெஷினையும் விற்று நான்கு வருடம் ஆகிறது. பேத்திக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று மகள் சொன்னதும், ராம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு என்று மருமகன் ஆரம்பித்தார். எனக்கு முதல் கேள்வியே கீபோர்டு எப்படி என்பதுதான். டேப்லெட் போதுமே என்றும் சொல்லிப் பார்த்தார். பத்து விரலுக்கும் வேலை இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பட்ஜெட் 15,000 ரூபாய். புதிதாக எதுவும் தேறாது, பழசுதான்.

வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை, அங்கிருந்து நடை. ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர் மூடியிருக்கும். என்னிடம் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் தேர்வு இரண்டுக்கும் படித்த பழைய மாணவன் ஒருவன் அந்தப் பக்கம் சர்வீஸ் வேலை பார்க்கிறான். அவன்தான் ஒரு மாடிக் கடைக்குக் கூட்டிப்போனான். கடைப் பெயரை எழுதப்போவதில்லை; காரணம் பின்னால் வரும். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் லேப்டாப்புகள் அங்கே செங்கல் மாதிரி அடுக்கியிருக்கின்றன.

நான்கு மெஷினை மேசையில் வைக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு முதல் பாடம்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். முதலாவது ஒல்லியாக அழகாக இருந்தது, கீ தட்டினால் பலகையைத் தட்டுவது போல விரல் நுனி வலித்தது. இரண்டாவதில் ஸ்பேஸ் பார் இடது ஓரத்தில் அழுத்தினால் வேலை செய்யவில்லை. நான்காவதில், விரல் இடம் தெரிய எஃப் கீ மேல் இருக்கும் சின்ன மேட்டைக் காணோம், யாரோ தேய்த்தே எடுத்துவிட்டார்கள். மூன்றாவதுதான் லெனோவோ திங்க்பேட் டி450. 2015 மாடல், ஐந்தாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கீயின் நடுவில் விரல் உட்காரும்படி லேசான குழிவு, அழுத்தினால் ஒழுங்காக இறங்கி எழும்புகிறது. ஆங்கில எழுத்து எல்லாமே வரும், நரி நாயைத் தாண்டும் அந்தப் பழைய வாக்கியத்தை மூன்று தரம் அடித்தேன், ஒரு பிழை இல்லை. 13,500 சொன்னார்கள், 12,800-க்கு முடிந்தது.

பணம் கொடுப்பதற்கு முன் என் மாணவன் இரண்டு சோதனை செய்தான், இதை எல்லோரும் செய்யுங்கள். ஒன்று, ஆன் செய்ததும் எஃப்1 தட்டி, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் போய், அதைப் பூட்ட பழைய கம்பெனி வைத்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பார்ப்பது. இந்த மாடல்களில் அது இருந்தால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் போகாது. இரண்டாவது, பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் பேட்டரி ரிப்போர்ட்டை விண்டோஸில் எடுப்பது. டி450-க்கு இரண்டு பேட்டரி, உள்ளே ஒன்று, பின்னால் கழற்றுகிற மாதிரி ஒன்று. உள்ளே இருப்பது 23 வாட்-அவருக்குப் பிறந்தது, 15 மிச்சம். பின்னால் இருந்தது ஏறத்தாழ சவம். "புதுசு போட்டுத் தர்றோம் ஐயா" என்று வேறு கம்பெனி செய்த ஒரு கம்பேட்டிபிள் பேட்டரியை மாட்டினார்கள்.

"விண்டோஸ் 11 போட்டுடலாமா?" என்று கேட்டார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே, ஒன்றிரண்டு விலக்கு தவிர, 11 கிடையாது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்களாம், ஆக்டிவேஷனும் 'பார்த்துக்கொள்வார்களாம்'. குழந்தைக்கு முதல் கம்ப்யூட்டரே திருட்டுச் சாவியில் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு விண்டோஸ் இல்லாத வெறும் மெஷினாக எடுத்து வந்தேன்.

வீட்டில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், அதில் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென்டிரைவிலிருந்து ஏற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காசு கிடையாது. பேத்திக்குத் தனிக் கணக்கு, அதில் எதையும் நிறுவ அனுமதி இல்லை. கேமரா மேல் அவள் பாட்டியின் ஸ்டிக்கர் பொட்டு. கீபோர்டு நடுவில் ஜி, ஹெச், பி மூன்றுக்கும் இடையே ஒரு சிவப்புக் குமிழ் உண்டு, மவுஸுக்குப் பதிலாகத் தள்ளுவதற்கு. "தாத்தா, இதுக்கும் பொட்டு வச்சிருக்கு" என்றாள். இடது மூலையில் கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் உட்கார்ந்திருக்கிறது. பயாஸில் இரண்டையும் மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது, முதல் வேலையாக மாற்றிவிட்டேன்.

ஜிகாம்ப்ரி ஏற்றினோம். 2000-லிருந்து வளர்ந்துவரும் இலவச மென்பொருள், குழந்தைகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள். ஃபிரெஞ்சில் 'எனக்குப் புரிந்தது' என்று ஒலிக்கும் பெயராம். மேலிருந்து எழுத்து விழும், தரை தொடுவதற்குள் தட்ட வேண்டும். முதல் வாரம் அது ஒன்றுதான். படம் வரைய டக்ஸ் பெயிண்ட்டும் இருக்கிறது. அதன் ரப்பர் ஸ்டாம்ப் சத்தத்துக்கு வீட்டில் தடை. கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்திருக்கிறேன், வைஃபை இல்லாமலே படிக்கலாம்.

தமிழ் டைப்பிங்தான் எனக்குச் சோதனை. நான் யளனகபக ஆள், அதாவது பழைய தமிழ் டைப்ரைட்டர் வரிசையில் பழகியவன். பழைய மெஷினில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று தட்டு. என் மாணவன், லினக்ஸில் பிற மொழி அடிக்க உதவும் ஐபஸில் தமிழ்99 வைத்துக் கொடுத்தான், 1999 சென்னை தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்றுக்கொண்ட கீபோர்டு அமைப்பு. உயிர் எழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் எல்லாம் பெரும்பாலும் வலது கைக்கு. க, ஒ என்று இரண்டு தட்டினால் 'கொ'. அ, ம, ம, ஆ என்று தட்டினால் நடுவில் புள்ளி தானாக விழுந்து 'அம்மா' வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் க் என்ற மெய்யோடு ஒ சேர்ந்தால் கொ என்று அவள் படித்ததும் இதுவும் ஏறக்குறைய ஒன்று. பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. விரல் இன்னமும் பழைய வழிக்கே ஓடுகிறது. கீ மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று மகள் சொன்னாள். ஒட்ட விடவில்லை. இன்ஸ்டிடியூட்டில் கீயைத் துணி போட்டு மூடித்தான் பழக்குவேன். இங்கே தமிழ் எழுத்தே இல்லாதது பாதி வேலையை மிச்சமாக்குகிறது. ஒரு அட்டையில் வரைபடம் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறேன், அண்ணாந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இனி குறைகள். எங்கள் மெஷினில் இருப்பது 1366-க்கு 768 புள்ளித் திரை. நேராக உட்கார்ந்தால் சரி, நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு நிறம் வெளிறித் தெரிகிறது. கடை மாட்டிய 'புது' பேட்டரி இருபத்தேழாம் நாள் உப்பிக்கொண்டது. உடனே கழற்றி வெளியே வைத்துவிட்டேன். உப்பிய பேட்டரியைக் குழந்தை பக்கத்தில் ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது. கொண்டுபோனால், வாரண்டி ஒரு மாதம்தான், அதிலும் பேட்டரிக்குக் கிடையாது, பில்லின் பின்பக்கம் பாருங்கள் ஐயா என்றார்கள். பார்த்தேன். எறும்பு எழுத்தில் இருந்தது. என் மாணவன் பேசியதில் பாதி விலைக்கு வேறொன்று கொடுத்தார்கள், இதுவரை தட்டையாகத்தான் இருக்கிறது.

மெஷினுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ். கடைக்கு செகண்ட் கிளாஸ், அதுவும் என் பழைய மாணவன் கூட வந்ததால். தம்பி பேரனுக்கும் ஒன்று வேண்டுமாம். அடுத்த மாதம் அதே மாடிக்குத்தான் போகிறேன், பில்லின் பின்பக்கத்தை முதலில் படிக்கக் கண்ணாடியோடு.