மலையில் மைக்ரோவேவ் லிங்க்: பல வருடப் பராமரிப்பில் தெரிந்துகொண்டவை

நீலகிரியில் மொபைல் டவர்களை டிஷ் வைத்துக் கம்பியில்லாமல் இணைக்கும் மைக்ரோவேவ் லிங்குகளைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். ஃபைபர் கேபிள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கேபிளும் சேர்ந்து போய்விடும். எதிரெதிர் மலையில் நிற்கும் இரண்டு டிஷ்களுக்கு ரோட்டோடு வேலையே இல்லை.

மூடுபனியில் லிங்க் போய்விடும் என்பது வீண் பயம். 15 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பனி பெரிதாக எதுவும் செய்யாது. எதிர் டவர் கண்ணுக்கே தெரியாத நாளிலும் சிக்னல் லெவல் அசையாமல் நிற்கும். கனமழைதான் தொல்லை. அப்போதும் ரேடியோ தானாகவே மாடுலேஷனை, அதாவது அலையில் தகவலை ஏற்றும் நெருக்கத்தை, இறக்கிக்கொள்ளும். வேகம் குறையும், பெரும்பாலும் அழைப்பு அறாது. இ-பேண்ட் என்னும் 80 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 10 ஜிபிபிஎஸ் வரை தரும் என்றாலும், இந்த மழைக்கு அதைக் குறுகிய தூரத்துக்கே நம்புவேன்.

மழையைவிடப் பெரிய தலைவலி கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். டிஷ்ஷுக்கு டிஷ் தெரிந்தால் மட்டும் போதாது. 15 கிகாஹெர்ட்ஸில் ஒரு டிஷ்ஷிலிருந்து அடுத்ததற்கு 6 கிலோமீட்டர் ஹாப் என்றால் பாதி வழியில் நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஆரத்துக்கு அலை பரவியிருக்கும். அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். லிங்க் போட்டபோது தாழ்ந்திருந்த மரம் சில வருடங்களில் அதற்குள் தலை நீட்டும். மைனஸ் 38 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) இருந்த லெவல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அலாரம் எதுவும் வராது. காற்றடித்தால் ஆடும், இலை நனைந்தால் இன்னும் இறங்கும். இப்படி ஆடினால் டிஷ் நோக்கும் திசையை, அதாவது அலைன்மென்ட்டைத் தொடாதீர்கள், முதலில் பைனாகுலரை எடுங்கள். மரத்தை வெட்ட 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். டிஷ்ஷை டவரில் மேலே ஏற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது, மரமும் பிழைக்கும்.

குறை என்றால் கொள்ளளவுதான். 28 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள கேரியர் (அலைத்தடம்) ஒன்றில் 256 க்யூஏஎம் என்ற நெருக்கமான மாடுலேஷன் ஓடினால் ஏறத்தாழ 180 எம்பிபிஎஸ். 3ஜி காலத்துக்கு அது தாராளம். 5ஜி சைட்டுக்குப் போதவே போதாது.

கடைசியாக, கனெக்டர். மழைக்குப் பிறகும் லெவல் திரும்பவில்லை என்றால், வெளியே இருக்கும் யூனிட்டில் கேபிள் நுழையும் இடத்தைத் திறந்து பாருங்கள்; பித்தளையில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. மேலே ஏறும் பையனிடம் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றச் சொல்லுங்கள், ஓடு வேய்ந்த மாதிரி தண்ணீர் வழிந்துவிடும். கனெக்டருக்கு முன்னால் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கட்டும்.