காலை நடைக்கு ஒரு 8×42 பைனாகுலர்

சென்னையில் காலை நடையின்போது பறவை பார்ப்பதற்கென வாங்கிய இந்த 8×42 பைனாகுலர், கொடுத்த விலைக்குத் தாராளமாகத் தகும். முகப்பு வில்லை 42 மி.மீ. அகலமும் உருப்பெருக்கம் எட்டு மடங்கும் இருப்பதால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5 மி.மீ.க்குச் சற்று மேல் அமைகிறது. ஆகவே விடிந்தும் விடியாத வேளையிலும், அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலத்தருகே நிற்கும் வெள்ளைக் கொக்கின் கறுப்புக் கால்களையும், அது அடியெடுத்து வைக்கையில் நீருக்கு மேல் வரும் மஞ்சள் பாதங்களையும் பார்த்து, அது சின்னக் கொக்குதான் என்று உறுதி செய்ய முடிகிறது. பத்து மடங்குக் கருவியில், நடந்து களைத்த கையின் நடுக்கம் இதைவிடக் கூடுதலாகத் தெரியும். செம்பருத்தியில் தேன் குடிக்கும் ஆண் ஊதாத் தேன்சிட்டு, வெயில் படும் கோணத்துக்கேற்பக் கறுப்பிலிருந்து நீலமாக மாறுவதைப் பால் வண்டிகளின் சந்தடிக்கு நடுவிலும் நின்று ரசிக்கலாம்.

வேப்பமரத்துப் புள்ளி ஆந்தையை நோக்கி இதை உயர்த்தினால் எதிர்மாடி வீட்டார் முறைப்பது கருவியின் குற்றமன்று. ஆனால், உடன் வரும் கழுத்துப் பட்டை மிகவும் ஒல்லியானது. அரை மணி நேரத்திலேயே பிடரியை அறுக்கிறது. அகலமான பட்டை ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்வது நல்லது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்ததும் வில்லையில் ஆவி படிவதால், இரவிலேயே கூடத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும்.