தோழி வந்திருக்கையில் பிறந்தநாள்: வீட்டிலா, உணவகத்திலா?

அயல்நாட்டில் வசிக்கும் உங்களைக் காண நெருங்கிய தோழி வந்திருக்கும் வேளையில் பிறந்தநாளும் சேர்ந்துகொண்டால், விருந்தை எங்கே வைப்பது என்ற குழப்பம் எழும்.

செலவு: வீட்டில் மளிகையோடு முடியும், உணவகத்தில் கூடுதலாகவே ஆகும்.

உழைப்பு: வீட்டில் சமையலும் பாத்திரங்களும் உங்கள் பொறுப்பு (தோழி உதவ வருவார், விடாதீர்கள்), உணவகத்தில் முன்பதிவு மட்டுமே வேலை.

களைப்பு: என் பார்வையில் இதுவே முதன்மையானது. ஒரு மணிநேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடல் புதிய நேரத்துக்குப் பழகும் என்பதால், மேற்கு நோக்கிப் பறந்து வந்தவருக்கு மாலையிலேயே கண் சொக்கும். வீட்டில் சோபாவில் சாய்ந்துகொள்ளலாம், உணவகத்திலோ கேக் வரும்வரை கொட்டாவியை அடக்க வேண்டும்.

வந்து ஓரிரு நாளே ஆகியிருந்தால் வீடு பொருந்தும். ஒரு வாரம் கடந்து, ஊரையும் காட்ட விரும்பினால் உணவகத்தில் மதிய விருந்து வைக்கலாம்.