எக்ஸ்சேஞ்ச் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள்: எந்தச் சரிபார்ப்பு எதைப் பிடிக்கும்?

போன வருடம் பிரான்ஸிலிருந்து 16 வயதுப் பெண் ஒருத்தி எங்கள் ஊருக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவியாக வருவதாக இருந்தது. பத்து மாதம் இங்கே தங்கி, இங்குள்ள பள்ளியில் படிப்பாள். தங்க வைக்க மூன்று குடும்பங்களைத் தேடும் பொறுப்பு எங்கள் தன்னார்வலர் குழுவிடம் இருந்தது. முதல் குடும்பம் சிரமமில்லாமல் கிடைத்தது. கணவன், மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள். மூன்று பேருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்து, யார் மேலும் வழக்கு இல்லை என்று வந்துவிட்டது. வீட்டையும் போய்ப் பார்த்தோம். மாடியில் தனி அறை, உள்பக்கம் தாழ்ப்பாள், ஒட்டினாற்போல் குளியலறை. ஃபைலை மூடுவதற்கு முன்னால், அவர்கள் கொடுத்திருந்த ரெஃபரன்ஸ்களில் இரண்டாவது எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை.

"தங்கமான மனுஷங்க தம்பி, பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்குவாங்க" என்றார். வைக்கப் போகும் நேரத்தில், "அவரு மச்சானும் அங்கதானே இருக்காரு, மாசத்துல பாதி நாளு? அவருகிட்டயும் கேட்டுட்டீங்கல்ல?" என்றார்.

மச்சான் படிவத்திலேயே இல்லை. கேட்டபோது, "அவன் வந்து போற ஆளுதானேங்க" என்றார்கள். மச்சானோ, "எனக்கு எதுக்குங்க போலீஸ் சர்டிபிகேட்டு?" என்று மறுத்துவிட்டார். குடும்பம் விலகிக்கொண்டது. அவர் மேல் எந்தக் குற்றமும் இருந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்று சான்றிதழ்களும் நாங்கள் எழுதிக் கொடுத்த மூன்று பெயர்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லியிருந்தன. நான்காவது பெயரை யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாட்டிலும் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடித்தேடிப் படித்தேன். நம் பிள்ளைகளும் அங்கெல்லாம் போய்த் தங்குகிறார்கள், அங்குள்ள பிள்ளைகளும் இங்கே வருகிறார்கள். பெற்றோர்களும், தன்னார்வலர்களாக வர நினைப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

நம் ஊர் போலீஸ் வெரிஃபிகேஷன்

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். முகவரி சரிதானா, வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களுக்கு அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு செய்தே ஆக வேண்டும் என்கின்றன. சம்பளம் வாங்காமல் வரும் தன்னார்வலர்களையும், தங்க வைக்கும் ஹோஸ்ட் குடும்பங்களையும் அதே கண்ணோடு பார்ப்பதுதான் நியாயம். பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தகவல்தொகுப்பு 2018 முதல் இருக்கிறது. ஆனால் அதைக் காவல்துறையும் விசாரணை அமைப்புகளும்தான் திறந்து பார்க்க முடியும். ஒரு கிளப்போ பள்ளியோ அதில் பெயரைத் தட்டிப் பார்க்க வழியில்லை.

பெயர் என்றதும் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. செந்தில்குமார் என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதலாம், பிரித்து எழுதலாம், ஹெச் போடலாம், போடாமலும் விடலாம். இனிஷியல் சில ஆவணங்களில் முன்னால் இருக்கும், சிலவற்றில் பின்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதினால் அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிடும். நீதிமன்றப் பதிவுகளில் பெயரை வைத்துத் தேடித் தருகிறோம் என்று காசு வாங்கும் தனியார் ஏஜென்சிகளை நான் அதிகம் நம்பாததற்குக் காரணம் இதுதான். ஒரே பெயரில் ஊருக்கு நூறு பேர். அதே சமயம் ஒருவருக்கே நாலு எழுத்துக்கூட்டல். ஆளை நேரில் வந்து பார்க்கும் போலீஸ்காரர், குறைந்தபட்சம் முகத்தையும் வீட்டையும் பொருத்திப் பார்க்கிறார். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் போலீஸ் சரிபார்ப்பையே எடுங்கள்.

பிரிட்டன்: வழக்காகாத புகாரும் வரும்

பெயர்ச் சிக்கல் நமக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 2002 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹன்ட்லி, அங்கே ஒரு பள்ளியின் பராமரிப்பாளர். முன்பு வேறு ஊரில் இருந்தபோது அவன் மேல் பாலியல் புகார்கள் அடுத்தடுத்து வந்திருந்தன. ஒன்றில்கூடத் தண்டனை இல்லை, தகவலையும் அந்த ஊர்க் காவல்துறை ஒழுங்காகக் காக்கவில்லை. பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது நிக்சன் என்ற தன் அம்மா வழிப் பெயரைக் கொடுத்தான். போலீஸ் சரிபார்ப்பு அந்தப் பெயரில்தான் நடந்தது, ஹன்ட்லி என்ற பெயரைத் தேடவே இல்லை. என்ன நடந்தது என்று ஆராய்ந்த பிச்சார்ட் விசாரணையின் அறிக்கை 2004-இல் வந்தது. அங்கே இன்றைக்கு இருக்கும் முறைக்கு வித்திட்டது அதுதான்.

இப்போது அதை நடத்துவது 2012-இல் உருவான டிபிஎஸ் என்ற அமைப்பு. அதன் விரிவான சான்றிதழ், எக்ஸ்சேஞ்ச் வேலைக்குப் பொருத்தமானது. தண்டனைகளோடு நிற்காமல், வழக்காக மாறாத தகவலையும், இந்த வேலைக்குச் சம்பந்தப்பட்டது என்று உள்ளூர் போலீஸ் கருதினால் அதில் சேர்க்கலாம். பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலையும் பார்ப்பார்கள். தன்னார்வலர்களுக்குக் கட்டணம் இல்லை. பள்ளியே ஏற்பாடு செய்யும் தங்கல் என்றால், அந்த வீட்டில் 16 வயது நிரம்பிய மற்றவர்களுக்கும் சான்றிதழ் கேட்கலாமா என்பதைப் பள்ளியே முடிவு செய்யலாம் என்று அரசு வழிகாட்டி சொல்கிறது. படிவத்தில் இல்லாத அந்த மச்சான் அங்கே இருந்திருந்தால் முதல் நாளே பேச்சில் வந்திருப்பார்.

குறையும் உண்டு. அந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. கொடுத்த அன்றைய நிலவரம் மட்டும்தான் அதில் இருக்கும். அப்டேட் சர்வீஸில் பதிந்திருந்தால்தான் பிற்பாடு ஏதாவது மாறியதா என்று பார்க்க முடியும். இன்னொன்று நமக்கு நேராகவே சம்பந்தப்பட்டது. வெளிநாட்டில் நடந்தது பொதுவாக அதில் வராது. முப்பது வருடம் சென்னையில் இருந்துவிட்டுப் போன வருடம் லண்டனுக்குக் குடிபோன ஒருவருக்கு டிபிஎஸ் சுத்தமாக வந்தால், அது ஒரு வருடத்துக்கான பதில்தான். பிள்ளை நம்மவர் வீட்டில்தான் தங்குகிறான் என்று நிம்மதிப்படும் பெற்றோர்கள், அவர் இங்கிருந்து போகும்போது வாங்கிய போலீஸ் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

ஜெர்மனியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2010 முதல் அங்கே பிள்ளைகளோடு பழகுபவர்களுக்கென்று விரிவாக்கப்பட்ட நன்னடத்தைச் சான்று இருக்கிறது. தண்டனை பெற்றவை மட்டும்தான் அதில் வரும். சான்று நேராக அந்த நபரின் கைக்கே போகும். அமைப்பு அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நகல் எடுத்து அடுக்கி வைக்கக் கூடாது. தன்னார்வலரின் மானம் மரியாதையை இவ்வளவு அக்கறையோடு காக்கும் முறையை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. ஆனால் ஹன்ட்லி மாதிரி, புகார் மேல் புகார் வந்தும் தண்டனை பெறாமல் தப்பியவன் இந்த வலையில் சிக்க மாட்டான்.

ஆஸ்திரேலியா: கார்டு கொடுத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்

தாளில் எது சிறந்தது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பிள்ளைகளோடு வேலை செய்வதற்கென்று மாநில அரசுகள் தனியாக அனுமதி கொடுக்கின்றன. நியூ சவுத் வேல்ஸில் அது ஐந்து வருடம் செல்லும். குயின்ஸ்லாந்தில் அதற்கு நீல அட்டை என்று பெயர், மூன்று வருடம் செல்லும், தன்னார்வலர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒருவரின் கடந்த காலத்தை எடைபோட்டு, சேர்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது அரசு அதிகாரிகள். கிளப் செயலாளரின் மேஜைக்கு யாருடைய பழைய வழக்குக் கட்டும் வருவதில்லை. ஊர்ப் பெரிய மனிதரை எப்படி வேண்டாம் என்று சொல்வது என்ற தர்மசங்கடமும் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, அனுமதி கொடுத்ததோடு அவர்கள் கைகழுவி விடுவதில்லை. அட்டை கையில் இருக்கும் காலமெல்லாம் போலீஸ் பதிவுகளோடு ஒப்பிட்டபடி இருப்பார்கள். நடுவில் வழக்குப் பதிவானால் அனுமதியை நிறுத்தி வைக்கலாம், ரத்து செய்யலாம். நம் ஊரில் ஜூலையில் வாங்கிய சான்று, ஆகஸ்டில் என்ன நடந்தாலும் மாறாமல் அப்படியே ஃபைலில் கிடக்கும். அங்கே அப்படிக் கிடக்காது. மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு, ஓரிடத்து அட்டை இன்னோரிடத்தில் செல்லாது என்பது பெரிய ஓட்டை. 2015-இல், பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த அரசு ஆணையமான ராயல் கமிஷனே இதைச் சுட்டிக்காட்டி, நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று சொன்னது.

அமெரிக்கா: வீட்டுக்குள் நுழைந்து பார்க்கும் விதி

ஜே-1 என்ற எக்ஸ்சேஞ்ச் விசாவில் போகும் பள்ளி மாணவர்களுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையே விதி வகுத்திருக்கிறது. தங்கும் வீட்டில் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் குற்றப்பின்னணிச் சோதனை, பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியலில் தேடல், சொந்தக்காரர் அல்லாத இருவரிடமிருந்து ரெஃபரன்ஸ், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் வைத்து அந்த வீட்டிலேயே நேர்காணல். சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாவற்றின் புகைப்படமும் கேட்பார்கள். பிள்ளை போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மாதத்துக்குள் வேறொரு ஆள் மறுபடியும் வீட்டுக்குப் போக வேண்டும். குடும்பத்தைத் தேடிப் பிடித்தவரே சோதிக்கவும் போகக் கூடாது என்பதுதான் இதன் உயிர்நாடி. ஆள் பிடித்தவருக்கு அந்தக் குடும்பம் நல்ல குடும்பமாக இருந்தே ஆக வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. எனக்கே வந்தது. அன்றைக்கு இரண்டாவது போனைச் செய்யாமல் விட்டிருப்பேன், அவ்வளவுதான் இடைவெளி.

விதியில் கைரேகை கட்டாயமில்லை, பெயரை வைத்தே தேடலாம் என்பது இதன் பலவீனம். ஆனாலும் காகிதத்தில் விட்டதை வீட்டில் பிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்

ஆஸ்திரேலியா போலத் தொடர்ந்து கண்காணிக்கும் அமைப்பு இங்கே இல்லை. அதற்காகக் காத்திருக்கவும் முடியாது, பிள்ளைகள் இந்த ஜூலையிலும் வருவார்கள். போலீஸ் சான்றைக் கட்டாயம் வாங்கிவிட்டு, மிச்ச உழைப்பை எல்லாம் அமெரிக்க விதியின் பக்கம் கொட்டுவதுதான் நமக்கு ஆகிற காரியம் என்பது என் முடிவு. போன் பேசக் காசு ஆகாது, வீட்டுக்குப் போய்வரப் பெட்ரோல் செலவுதான்.

"என்னையே சந்தேகப்படறீங்களா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நம் ஊரில் வயதில் மூத்தவரிடம் போலீஸ் சான்று கேட்பது பெரிய மனத்தாங்கல் ஆகிவிடும். எங்கள் குழுவில் தலைவர்தான் முதல் விண்ணப்பம் போட்டார், அடுத்தது நான். அவருடைய சான்று ஃபைலின் முதல் தாளாக இருக்கிறது. மற்றவர்களிடம் அதைக் காட்டிவிட்டுக் கேட்டால் முகம் சுளிப்பது பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ரெஃபரன்ஸைக் கடிதமாக வாங்காதீர்கள். கடிதத்தில் எல்லோரும் தங்கமானவர்கள். போனிலேயே கேளுங்கள். "நல்லவங்களா?" என்று கேட்டால் "நல்லவங்க" என்றுதான் பதில் வரும். "அந்த வீட்ல ராத்திரி யார் யார் தங்குவாங்க?" என்று கேளுங்கள். "உங்க பொண்ணை ஒரு வாரம் அங்க விட்டுட்டு வெளியூர் போவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். பதில் எத்தனை நொடியில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு இரண்டு முறை போங்கள், ஒரு முறை சொல்லாமல் போங்கள். நான் இப்போதெல்லாம் வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளை எண்ணிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். படிவத்தில் மூன்று பேர், வாசலில் நான்கு ஜோடி என்றால், காபி வருவதற்குள் அந்த நான்காவது ஜோடி யாருடையது என்று கேட்டுவிடுவேன்.

பிள்ளை வந்த முதல் நாளே, தங்கும் வீட்டோடு சம்பந்தமில்லாத ஒரு பெரியவரின் எண்ணையும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அவள் கையாலேயே நோட்டில் எழுத வைக்கிறோம். போன் தொலைந்தாலும் நோட்டு இருக்கும். அந்த பிரெஞ்சுப் பெண் வேறொரு வீட்டில் தங்கினாள். என் மனைவியின் எண்ணை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தாள். பத்து மாதத்தில் ஒரே ஒரு முறை கூப்பிட்டாள், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயா தேங்காய் எண்ணெயா என்று கேட்க.