பிறந்தநாள் அறையில் கருப்பசாமி

பெங்களூரில் இப்போது தெருவுக்கு ஒரு 'பிரைவேட் தியேட்டர்' முளைத்திருக்கிறது. கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் சினிமா. பெயர்தான் தியேட்டர், நடப்பது பிறந்தநாள் வியாபாரம். மூன்று மணி நேரத்துக்கு ஓர் அறை, சுவர் நிறையத் திரை, சாய்ந்துகொள்ள சோபா, பலூன், மினுக்கும் ஆங்கில எழுத்துகள், புகை நடுவே நடந்துவரும் 'ஃபாக் எண்ட்ரி', கடைசியில் கேக். படம் அங்கே இலையோரத்து ஊறுகாய் மாதிரி. நான் ஊறுகாய்க்காகவே பந்திக்குப் போகிறவள்.

எழுதப்போவது கம்மனஹள்ளிப் பக்கம் நான் அடிக்கடி போகும் ஓர் இடத்தைப் பற்றி. பெயர் சொல்லவில்லை. குறையும் நிறையும் கலந்துதான் வரும், அதோடு இந்த அறைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, பலகை மட்டும்தான் வேறு. வார நாள் பகலில் நான்கு பேருக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் வாங்குகிறார்கள். சனி, ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கொடுக்கும் காசு திரைக்கு இல்லை, ஸ்பீக்கருக்கு. திரை சுமார்தான். புரொஜெக்டர் வெளிச்சம் நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி. ஆனால் ஒலி, அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் ஒருநாளும் கேட்க முடியாத ஒலி. நான் அங்கே பார்க்கப் போகும் மாயக்கதைக்கு அதுதானே முக்கால்வாசி?

சந்தேகமிருந்தால் 'மர்மதேசம்' போட்டுப் பாருங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கி, 1990-களில் சன் டிவியில் வந்த தொடர். அதில் 'விடாது கருப்பு' பகுதியைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். யூடியூபில் இருக்கிறது. அந்தக் காலத்து டிவிக்கு எடுத்த சதுரப் படத்தை இவர்கள் புரொஜெக்டர் அகலமாக இழுத்துவிட, நடிகர் சேத்தனின் முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. ரிமோட்டில் 'ஆஸ்பெக்ட்' என்ற பொத்தானை அழுத்தி 4:3 வைத்தால் சரியாகிவிடும். அங்கிருந்த பையனுக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியவில்லை. "மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்று கன்னடத்தில். நான் ரிமோட்டை வாங்கி அட்ஜஸ்ட் செய்துகொண்டேன்.

சரியான அளவில் வைத்தும் படம் மங்கல்தான். பழைய ஒளிப்பதிவைச் சுவரளவுக்குப் பெருக்கினால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் கருப்பசாமியின் குதிரைக் குளம்புச் சத்தம் கிளம்பியபோது, பிளஸ் டூ படிக்கும் தம்பி மகன் சோபாவில் கால்களை மேலே இழுத்து வைத்துக்கொண்டான். டிராகன் பறக்கும் தொடர்களைத் தவிர வேறெதையும் மதிக்காதவன். "அத்தை, ஒண்ணுமே காட்டலையே, அப்புறம் ஏன் பயமா இருக்கு?" என்றான். காட்டாததால்தான்டா. நாகாவிடம் கிராஃபிக்ஸுக்குப் பணம் இல்லை. இருந்ததெல்லாம் கோயில், காடு, இருட்டு, ஊரே நம்பும் ஒரு சாமி. தப்பு செய்தவனைக் கருப்பு கேட்கும் என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

அவன் பங்குக்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கில மாயக்கதைத் தொடரின் எட்டாவது சீசனில் மூன்றாம் பகுதியைக் கேட்டான். 2019 ஏப்ரலில் வந்தது, 82 நிமிடம், 55 இரவுகள் படமாக்கினார்களாம். வந்த அன்றே உலகம் முழுக்க ஒரே புலம்பல், ஒன்றுமே தெரியவில்லை, ஒரே இருட்டு என்று. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னரோ, உங்கள் டிவியைச் சரியாக வைத்து, விளக்கணைத்துப் பாருங்கள் என்ற ரீதியில் பதில் சொன்னார். ஆக, ஓர் அறையைச் சோதிக்க இதைவிட நல்ல பகுதி கிடையாது.

இந்த அறை தோற்றது. முதல் குற்றவாளி கூரையில் பதித்த நட்சத்திர விளக்கும் சுவரோர நீல எல்.இ.டி. பட்டையும். அணைக்கச் சொன்னால் "அது டெகரேஷன் மேடம்" என்றார்கள். கெஞ்சிய பிறகே அணைத்தார்கள். இரண்டாவது, இணையம். வேகம் குறைந்தால் இந்தச் செயலிகள் படத்தின் தரத்தைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ளும். அப்போது முதலில் அடிபடுவது இருட்டுக் காட்சிதான், கறுப்பு கட்டம் கட்டமாக உடையும். மூன்றாவதுதான் வேடிக்கை. எங்களுக்கு முன்னால் யாரோ பிறந்தநாள் கொண்டாடிவிட்டுப் போன புகை இன்னும் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் பனிப்புயல், திரைக்கு வெளியே ஃபாக் எண்ட்ரி.

அப்படியும் தோத்ராக்கி என்ற நாடோடிக் கூட்டத்தின் குதிரைப்படை எரியும் வாள்களோடு இருட்டுக்குள் பாய்கிற இடம் இங்கே எடுபட்டது. தூரத்தில் தீப்பொறிகள் ஒவ்வொன்றாக அணைய, கூச்சலும் கூடவே தேய்ந்துபோகிறது. லேப்டாப்பில் பார்த்தபோது இந்தத் தேய்மானம் எனக்குக் கேட்கவே இல்லை. மற்றபடி அந்த சீசனில் என் வருத்தம் இருட்டைப் பற்றியது அல்ல, அவசரத்தைப் பற்றியது. ஏழு சீசன் பொறுமையாக நெய்த புடவைக்கு ஆறே பகுதியில் முந்தானை வைத்து அனுப்பிவிட்டார்கள். அதன் முன்கதைத் தொடரான 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' இரண்டாவது சீசனுக்கு நேர்மாறான வியாதி, போருக்குக் கிளம்பிக் கிளம்பியே எட்டுப் பகுதியும் முடிந்துவிடுகிறது. தம்பி மகன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

நான் உண்மையில் போனது 'ஆயிரத்தில் ஒருவன்' பார்க்க. எம்.ஜி.ஆர். படம் அல்ல, செல்வராகவனின் 2010 பொங்கல் படம். வந்தபோது பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் குழம்பினார்கள். 2021 டிசம்பர் 31-இல் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது அதே ஊர் விசிலடித்தது. இரண்டாம் பாகம் தனுஷோடு 2024-இல் வரும் என்று அறிவித்தார்கள். 2024 வந்தது, போனது.

என்னிடம் அதன் டிவிடி இருக்கிறது. இவர்களிடம் டிஸ்க் போடும் கருவி கிடையாது, லேப்டாப்பும் எச்.டி.எம்.ஐ. கேபிளும் நாமே கொண்டுபோக வேண்டும். அதற்கு மட்டும் மறுப்பே சொல்லவில்லை, நன்றி. சூரியன் சாயும்போது விழும் நடராஜர் நிழலுக்குள்ளேயே ஓடித் தப்பிக்கும் காட்சி வந்ததும் தம்பி எழுந்து நின்றுவிட்டான், நாற்பத்திரண்டு வயதில். எந்த ஊர் மாயக்கதையிலும் இப்படி ஒரு பொறியை நான் பார்த்ததில்லை. இது நம்முடையது, கோயில் பிராகாரத்தில் விளையாடி வளர்ந்த ஆளுக்குத்தான் தோன்றும். இரண்டாம் பாதியில் பார்த்திபன் பேசும் பழந்தமிழை அன்று கிண்டலடித்தவர்களில் என் தம்பியும் ஒருவன். இன்று வசனத்தைக் கூடவே சொல்கிறான். ரீமா சென்னின் அனிதாவுக்கு நிகராக ஒரு வில்லியைத் தமிழ் சினிமா அதற்குப் பிறகு தரவில்லை என்று நான் சொல்ல, அவன் நீலாம்பரியை இழுக்க, பத்து நிமிடம் படத்தை நிறுத்திவைத்துச் சண்டை. 'படையப்பா' வந்தது 1999-இல் என்ற சிறு விவரத்தை அவனுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. மால் தியேட்டரில் இதற்கு இடமுண்டா? பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார்.

'ஆரண்ய காண்டம்' பார்க்கத் தோழிகளோடு தனியாகப் போனேன், அது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கிற படம் அல்ல. ஒரே நாளில் நடக்கிற கதை, நிறைய மௌனம். அந்த மௌனத்துக்குள் பக்கத்து அறையின் பிறந்தநாள் பாட்டு சுவரைத் தாண்டி வந்தது. சத்தப் படமானால் பரவாயில்லை, அமைதியான படத்துக்குக் காலை முதல் வேளையைப் பிடியுங்கள்.

சாப்பாடு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உருளைக்கிழங்கு வறுவல் சூடாக வந்தது, கோல்டு காபி சர்க்கரைத் தண்ணீர். வெளிச் சாப்பாடு கூடாது என்கிறார்கள், பையைத் திறந்து பார்ப்பதில்லை. 'பேஸ்' (bass) எனும் கனத்த ஒலியைக் காது அதிர ஏற்றி வைத்திருப்பார்கள், வசனம் அமுங்கும். பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

மூன்று மணி நேரம் என்பது கதவு திறந்ததிலிருந்து. கேபிள் மாட்டுவது, கணக்கில் நுழைவது எல்லாம் அதற்குள்தான். நீளமான படமென்றால் கூடுதல் அரை மணி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், கடைசிக் காட்சியில் கதவைத் தட்டுவார்கள். கிளம்பும்போது உங்கள் ஓ.டி.டி. கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள். எங்களுக்கு முன்னால் வந்த யாரோ மறந்துபோக, அவர்கள் வீட்டில் என்னென்ன பார்க்கிறார்கள் என்று முழுப் பட்டியலும் திரையில் நின்றது.

அலங்காரமும் கேக்கும் வேண்டாம் என்பதை முன்பதிவு செய்யும்போதே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் சொன்னால் "பேக்கேஜ் மேடம்" என்று பில்லில் சேர்த்துவிடுவார்கள்.